மேற்பார்வைத் தகப்பன்

குழந்தை பிறந்த நிமிடத்தில் ஒரு பெண் தாயாகிறாள். இது ஊரறிந்த விஷயம். அதே நிமிடத்தில், அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் திடீரென்று பிரமுகராகிவிடுகிறார். இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் எளிய நோக்கம்.

புதுத் தகப்பன் என்ற இந்த இனத்தை அடையாளம் காண உங்களுக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை. தேடிப் போகவும் வேண்டாம், அவரே வந்து உங்களைப் பிடித்துக்கொள்வார். வங்கி வரிசையில் நிற்கிறீர்கள், அல்லது முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டப்பட்டு, ஓடவும் முடியாமல் தலையை ஆட்டவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் மூக்குக்கு நேரே கைப்பேசியை நீட்டி, "யார் ஜாடைன்னு சொல்லுங்க பாப்போம்" என்கிறாரா? அவர்தான். நீங்கள் "அம்மா ஜாடை" என்று சொன்னால் உங்களுக்குக் கண் சரியில்லை என்று முடிவு செய்து அடுத்த படத்தைக் காட்டுவார். சரியான பதில் வரும்வரை படங்கள் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு அடையாளம், அவர் எல்லாவற்றிலும் தன்னைச் சேர்த்துக்கொண்டு பேசுவது. "மூணாம் மாசம் எங்களுக்கு வாந்தி தாங்கல" என்பார். அந்த வாந்தி வந்த காலை வேளைகளில் அவர் அடுத்த அறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும், வெண்ணெய்க்கும் தெரியும். "நாங்க வலி பொறுத்துக்கிட்டோம்" என்பார். பொறுத்தவள் ஒருத்தி. ஆனால் பேசுகிறவர் அவரல்லவா, அதனால் கணக்கில் அவரும் சேர்ந்துவிடுகிறார்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் உங்களுக்கு அலுத்துவிடும். ஒருவரைப் பிடித்து முன்னால் நிறுத்திக் காட்டுகிறேன்.

நம்மவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர் என்றால், மெக்கானிக் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் எண்ணெய்ப் பிசுக்கில் படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது, கீழே இஸ்திரி கலையாத சட்டையோடு நின்று, "அதை இன்னும் கொஞ்சம் முறுக்கு" என்று குரல் கொடுப்பவர். வேலை முடிந்ததும் கட்டடச் செயலாளரிடம் போய், "சரி பண்ணிட்டேன் சார்" என்று சொல்பவரும் அவரே. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். வருஷக்கணக்கான பழக்கம் இது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல இதையும் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் உள்ளே வரமுடியுமா?

முடியவில்லை. குழந்தை பிறந்த அன்றே அது தெரிந்துபோயிற்று. மனைவியைப் பிரசவ அறைக்குள் அழைத்துக்கொண்டு போன சற்று நேரத்தில் நம்மவர் ஆஸ்பத்திரி லிஃப்டைக் கவனித்துவிட்டார். தரைமட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே நிற்கிறது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் இயக்குபவரைப் பிடித்து, மேலும் கீழுமாக ஏறி இறங்கி, இப்படி நின்றால் நோயாளியின் தள்ளுவண்டி எப்படி இடறும் என்பதை ஒவ்வொரு மாடியிலும் செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸம்மா படியேறி இறங்கி அவரைத் தேடிக் களைத்துக் கடைசியில் கண்டுபிடித்தபோது, அவர் மகள் பிறந்து, குளித்து, துணி சுற்றிக்கொண்டு, அம்மாவின் பக்கத்தில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டு முடித்திருந்தாள். இப்போது அவர் சொல்லும் கதையில் லிஃப்ட் கிடையாது. கதவோரத்தில் நின்று ஒவ்வொரு வினாடியும் துடித்த ஒரு மனிதர் இருக்கிறார். கதையை நாலைந்து பேரிடம் சொன்ன பிறகு அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்றால் நீங்கள் ஆச்சரியப்படக்கூடாது.

மனைவி ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். "அசையாம நில்லுங்க. மூச்சை அடக்குங்க. ம், மூச்சு விடலாம்." நாள் முழுக்க இதுதான் அவள் பேச்சு. மனிதர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவளாகையால், கணவரோடு வாதாடி எதையும் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

இனி, இந்த இனத்தின் முக்கியமான சடங்குக்கு வருவோம். அழைப்பு மணி அடிக்கிறது. விருந்தாளிகள். மணி அடித்ததும் சோபாவில் சாய்ந்திருந்த நம்மவர் ஸ்பிரிங் போட்டதுபோல எழுந்து, மனைவியின் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறார். கதவு திறந்து வந்தவர்கள் பார்க்கும்போது தோளில் குழந்தை, மறு தோளில் துண்டு, முகத்தில் தியாகக் களைப்பு. "வாங்க வாங்க. இப்பத்தான் டயபர் மாத்தணும்னு எடுத்தேன்." எல்லோர் முன்னிலையிலும் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, டயபரின் இரண்டு பக்கப் பட்டைகளையும் இழுத்து, சரக் சரக்கென்று ஒட்டுகிறார். அரை நிமிட வேலை. அவ்வளவு சுத்தம், அவ்வளவு லாவகம். பின்னே? கழுவித் துடைத்துப் பவுடர் போட்டுப் புது டயபரை அடியில் விரித்து வைத்ததெல்லாம் மணி அடிப்பதற்கு முன்பே மனைவி செய்து முடித்த காரியம். ஒட்டுவது மட்டும்தான் பாக்கி.

"எல்லாத்தையும் அவ ஒருத்தியே எப்படிப் பாப்பா? நம்மளால ஆன உதவி" என்பார் தணிந்த குரலில்.

உதவி. இந்த வார்த்தையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் குழந்தைக்கு உதவி செய்கிற ஒரே பிராணி இதுதான். விருந்தாளிப் பெண்மணி உடனே உருகிப்போய், "இந்தக் காலத்துல இப்படி ஒரு அப்பாவா" என்பார். அதோடு விடுவாரா? அழுக்கு டயபரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு குப்பைக்கூடைக்கு வழி கிடைக்குமா என்று நிற்கும் மனைவியின் பக்கம் திரும்பி, "நீ குடுத்து வெச்சவம்மா" என்பார். குடுத்து வைத்தவள் சிரித்துக்கொள்வாள். மகளுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த மாமியார்தான் சில சமயம் வாயை அடக்கமாட்டாமல், "மாப்பிள்ளை, பாத்து. சட்டை கசங்கிடப்போகுது" என்பார். நம்மவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்தது படம். "ஒண்ணு எடேன்" என்று கைப்பேசியை மனைவியிடம் நீட்டுவார். அவள் எடுப்பாள். குழந்தையைக் கையில் ஏந்தியபடி, நெஞ்சோடு அணைத்தபடி, தலைக்குமேல் தூக்கியபடி, பால்கனி வெயிலில் காட்டியபடி. எல்லாப் படங்களிலும் குழந்தை வாய்கொள்ளாமல் சிரிக்கும். "என்னைப் பாத்தாலே இவளுக்குச் சிரிப்புதான்" என்று எழுதி நம்மவர் அதை எல்லோருக்கும் அனுப்புவார். கம்பெனி மேனேஜருக்கு, பழைய பள்ளிக்கூட நண்பர்களுக்கு, லிஃப்ட் உதிரிபாகம் விற்கிறவருக்கு.

ஆபீஸில் அவர் வகுப்பே எடுத்தார். தேநீர் இடைவேளையில், இன்னும் கல்யாணம் ஆகாத மெக்கானிக்குகளைச் சுற்றி நிற்கவைத்து, தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றி, தலையை எப்படித் தாங்கவேண்டும், ஏப்பம் வர எந்த இடத்தில் தட்டவேண்டும் என்று செய்து காட்டுவார். பாட்டில் அழாது, வாந்தி எடுக்காது, கையில் நழுவினாலும் உருண்டுகொண்டு பேசாமல் கிடக்கும். அவர் மகளைவிட அந்தப் பாட்டில் அவர் கையில் அதிக நேரம் இருந்திருக்கிறது. "ராத்திரி முழுக்க முழிப்பு" என்று கண்ணைக் கசக்கிக்கொள்வார். முழித்திருந்தவள் வேறொருத்தி என்பதை நான் சொல்லவேண்டுமா?

இப்படியே போயிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஊரில் பாதிப் பேர் இப்படித்தானே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மனைவியின் விடுப்பு முடிகிற நேரத்தில் ஸ்கேன் சென்டருக்குப் புது இயந்திரம் வந்து இறங்கியது. அதை இயக்கப் பயிற்சி. ஒரே ஒரு பிற்பகல். சொல்லிக்கொடுக்கிறவர் வெளியூர்க்காரர், முடித்துவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடுவார். பயிற்சியில் உட்காராதவர்களுக்கு இனி இயந்திரத்தின் பக்கம் வேலையில்லை, முன்பதிவு மேசையில் உட்கார்ந்து "டோக்கன் எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கவேண்டியதுதான். அவள் படித்த படிப்பும் கற்ற தொழிலும் அந்த ஒரு பிற்பகலில் தொங்கின. சரியாக அதே வாரத்தில்தான் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று மாமியார் ஊருக்குப் போயிருந்தார்.

"நீங்க தனியாப் பாத்துக்குவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

நம்மவருக்கு வந்த ரோஷத்தைப் பார்க்கவேண்டும். யாரிடம் கேட்கிற கேள்வி? ஊரே புகழ்கிற தகப்பனிடமா? அவர் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தார். கொடுத்த கையோடு மேனேஜரையும் இன்னும் இரண்டு பேரையும் அன்று பிற்பகல் டீக்கு வீட்டுக்கு அழைத்தும் வைத்தார். தனியாகப் பார்த்துக்கொள்வது என்றால், தனியாகப் பார்த்துக்கொள்வதை நாலு பேர் பார்க்கவேண்டாமா?

அன்றைக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். டயபர், துடைக்கும் துணி, பவுடர் எல்லாவற்றையும் கட்டிலருகே வரிசையாக அடுக்கினார். டீக் கோப்பைகளையும் அடுக்கினார். மனைவி கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பால் ஃபிரிட்ஜ்ல இருக்கு. வெந்நீர்ல வெச்சு எடுங்க, அடுப்புல வெக்காதீங்க. போனை வெளியில குடுத்துட்டுத்தான் உள்ள போகணுமாம், கூப்பிட்டா எடுக்க முடியாது. அப்புறம், அவ முழிச்ச உடனே..."

"எனக்குத் தெரியாதா? நீ கிளம்பு."

அவள் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் நம்மவர் நிம்மதியாக இருந்தார். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றுகூட நினைத்தார். அப்போதுதான் மேனேஜரின் அழைப்பு வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் அங்கே ஓடுகிறோம், டீயை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பேசிவிட்டு அவர் வைத்ததும், அந்தப் பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

நம்மவர் தூக்கினார். படங்களில் தூக்குவது போலவே அழகாக, வலது கை தலைக்கடியில், இடது கை இடுப்பில். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய வலது தோளுக்கு மேலே பார்த்தாள். பிறகு இடது தோளுக்கு மேலே. அவருக்கும் சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. மகள் வாயைத் திறந்தாள்.

அந்த அழுகையை அவர் இதற்குமுன் கேட்டதில்லை. கேட்டிருப்பார், ஆனால் அப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறைக்குப் போக வசதி இருந்தது. அவர் கிலுகிலுப்பையை ஆட்டினார். ஏப்பத்துக்குத் தட்டினார். தண்ணீர் பாட்டிலுக்குச் செய்த அத்தனையும் செய்து பார்த்தார், பாட்டிலின் குணம் மகளுக்கு வரவில்லை. சரி, டயபர்தான் என்று கட்டிலில் கிடத்திப் பட்டையைப் பிரித்தார். பிரித்துப் பார்த்து ஓர் அடி பின்னால் நகர்ந்தார். தகப்பனாகி இத்தனை மாதத்தில், டயபருக்குள் என்ன இருக்கும் என்பதை அவர் முதல்முறையாக நேரில் காண்கிறார். ஒட்டுவதில் அவர் நிபுணர். பிரித்த பிறகு வருகிற அத்தியாயம் அவருக்குத் தெரியாது.

பதற்றத்தில் மனிதனின் கை பழகிய இடத்துக்குத்தான் போகும். அவர் கை ஆபீஸ் கன்ட்ரோல் ரூம் எண்ணை அழுத்திவிட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுத்து அமைதிப்படுத்துவதற்காகவே அங்கே ஓர் அக்கா உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்லவேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்தது நம்மவரேதான். அழுகைச் சத்தத்தைக் கேட்டதும் அக்கா மடமடவென்று ஆரம்பித்துவிட்டார்.

"பதறாதீங்க. உள்ள காத்து வரும், ஒண்ணும் ஆகாது. எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர்" என்றார் நம்மவர் தன்னை அறியாமல்.

"இன்னொருத்தர் எப்படி இருக்காங்க?"

"அழுவுறாங்க."

"எந்தக் கட்டடம்?"

"அக்கா, நான்தான். வீட்லேருந்து பேசறேன்."

மறுமுனையில் ஒரு கனைப்புக் கேட்டது. சிரிப்பை அடக்கினால் வருகிற கனைப்பு. "சார், இங்க நிஜமாவே ஆளுங்க மாட்டியிருக்காங்க. லைனை அடைக்காதீங்க. இதுக்கு வெளியிலேருந்து மெக்கானிக் வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

அவர் குழந்தையை ஒரு துண்டில் எப்படியோ சுற்றி எடுத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். வேறென்ன செய்வது என்று தெரியாமல் கைப்பேசியில் படங்களைத் திறந்து அவள் முன்னால் பிடித்தார். "பாரு, நீ. பாரு, அப்பா. எப்படிச் சிரிக்கிற பாரு." மகள் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார். முதல்முறையாகத் தன் முகத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாப் படத்திலும் அவள் சிரிக்கிறாள், உண்மைதான். ஆனால் ஒரு படத்திலும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்கள் நேராகப் படம் எடுக்கிறவளிடம் இருந்தன. தலைக்குமேல் தூக்கிய படத்தில்கூட, கழுத்தை ஒடித்துக்கொண்டு அங்கேதான் பார்த்திருந்தாள்.

அந்தப் படம் எடுக்கிறவளைத் தேடி அவர் விரல் திரையை வேகமாகத் தள்ளியது. மனைவியும் குழந்தையும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றாவது இருக்கும் அல்லவா? இல்லை. ஒன்றில் அவள் முழங்கை. இன்னொன்றில், பால்கனி வெயிலில், கையைத் தூக்கி நிற்கிற ஒரு நிழல் அவர் காலடிவரை நீண்டு கிடந்தது. அவ்வளவுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் மனிதன் திருந்துவான் என்று நினைக்கிறீர்களா? இல்லை, முதலில் தப்பிக்கத்தான் பார்ப்பான். அவர் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டார்.

எடுத்த பெண் மரியாதையாகவே பேசினாள். "உள்ள செய்முறை நடக்குதுங்க. நடுவுல எழுந்து வந்தா பயிற்சி முடிச்சதா எடுத்துக்கமாட்டாங்க. ரொம்ப அவசரம்னா சொல்லுங்க, கூப்பிட்டுடறேன். என்ன விஷயம்?"

"குழந்தை விடாம அழுவுது."

"அடடா. குழந்தை இப்ப யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"நீங்க?"

"குழந்தையோட அப்பா."

"அப்புறம் என்னங்க அவசரம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் நம்மவர் கோபப்பட்டுப் பிழைத்திருப்பார். அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். கூப்பிடு என்ற ஒரே வார்த்தை போதும், மனைவி ஓடி வந்துவிடுவாள். ஓடி வந்து, நாளையிலிருந்து டோக்கன் கொடுப்பாள். அதைப் பற்றி ஒருநாளும் பேசவும் மாட்டாள். அந்தப் பேசாமையை நினைத்துப் பார்த்தபோது அவர் மகளை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"கூப்பிடவேண்டாம்" என்றார். பிறகு, வழக்கம் விடுமா, "நான் போன் பண்ணினேன்னும் சொல்லவேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் பார்க்க அழகாக இல்லை. குளியலறைக் குழாயடியில், ஒரு கையில் வழுக்குகிற மகளும் மறு கையில் திறக்காத குழாயுமாக, அவர் அந்த அத்தியாயத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். சலவைச் சட்டை போன இடம் தெரியவில்லை. பால் பாட்டிலை வெந்நீரில் வைத்து எடுத்தார், மூடி சரியாகத் திருகாததால் பாதி தரைக்குப் போயிற்று. டயபரை முன்பின் மாற்றிப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். பவுடர் கட்டிலெல்லாம் கொட்டிக் கிடந்தது, மகள் மேல் இல்லை. மிச்சப் பாதிப் பாலை அவள் விக்கி விக்கிக் குடித்தாள்.

கடைசியில் அவருக்கு எந்த வித்தையும் பாக்கி இல்லாமல் போயிற்று. கூடத்துப் பாயில் அவளைக் கிடத்திவிட்டு, சுவரில் சாய்ந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேசவில்லை, ஆட்டவில்லை, சிரித்துக் காட்டவில்லை. மகள் கொஞ்சம் விசும்பினாள். பிறகு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். தோளுக்கு மேலே பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வீட்டில் அடிக்கடி தென்படுகிற இந்த ஆள் யார் என்று ஒருவழியாக விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தவளைப் போலிருந்தது அந்தப் பார்வை. சிரிக்கவில்லை. சிரிக்க அவர் என்ன செய்துவிட்டார்? ஆனால் அவர் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெல்லத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டபோது அங்கேயே தூங்கியும் போனாள். நம்மவருக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்காமல் அவருக்குக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

கை உடனே கைப்பேசியைத் தேடியது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அது எட்டாத தூரத்தில், டீக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாள். உலகத்திலேயே சிறந்த படம் அவர் நெஞ்சின்மேல் தூங்கிக்கொண்டிருக்கிறது, எடுக்க ஆளில்லை. அவர் இரண்டு முறை கையை நீட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மனைவி சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது கூடம் புயல் அடித்துப் போட்டதுபோல் கிடந்தது. தரையில் பால், நாற்காலியில் ஈரத்துண்டு, அடுக்கிய கோப்பை அடுக்கியபடி. நடுவே, சட்டையில்லாத ஒரு மனிதர் பாயில் மல்லாந்து கிடக்கிறார். அவர்மேல் குழந்தை. மகள் விழித்துவிடக்கூடாதே என்று அவர் விறைத்துப்போய், முகம் சிவக்க, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். மனைவி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

"மூச்சு விடலாம்" என்றாள்.

அவர் விட்டார்.

பயிற்சி முடிந்தது, இயந்திரம் அவளுக்குத்தான் என்பதை அவள் முகமே சொன்னது. மேனேஜர் வந்தாரா என்று கேட்டாள். வரவில்லை என்றார். அவள் படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்தான், கூரையைப் பார்த்துக்கொண்டே, "கிளம்பும்போது ஏதோ சொல்ல வந்தியே, அவ முழிச்ச உடனே என்ன பண்ணணும்னு" என்று இழுத்தார். தகப்பனான பிறகு குழந்தையைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒண்ணும் பண்ணவேண்டாம். பக்கத்துல சும்மா உக்காரணும். அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் அவள்.

சுபம் என்று போட்டுவிடலாம் என்று பார்க்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். மறுநாள் தேநீர் இடைவேளையில் நம்மவர் அதே துண்டையும் அதே தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, "தனியா இருக்கும்போது குழந்தை அழுதா என்ன பண்ணணும்னா" என்று தொடங்கிவிட்டார். பழக்கம் அப்படி லேசில் விடாது. ஆனால் நடுவில் ஏனோ பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். குழாயடி, சிந்தின பால், மகள் பார்த்த பார்வை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னார். மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர், "போட்டோ எங்க?" என்றார். எடுக்க ஆளில்லை என்றார் நம்மவர். மேனேஜர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அத்தனை மாதமாக நம்மவர் விட்ட கதைகளையெல்லாம் நம்பிய ஆபீஸ், நடந்ததைச் சொன்ன அன்று ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் குழந்தையோடு நீங்கள் நிற்கிற படம் ஏதாவது ஒன்றை எடுங்கள். உங்கள் முகத்தை விட்டுவிட்டுக் குழந்தையின் கண்ணை மட்டும் பாருங்கள், அது எங்கே பார்க்கிறது என்று. அது பார்க்கிற இடத்தில் யார் நின்றிருந்தார் என்று யோசியுங்கள். யோசித்த பிறகு எழுந்து போய், குழந்தையை அவர் கையில் கொடுத்து, இந்த முறை நீங்கள் படம் எடுங்கள். கை கொஞ்சம் ஆடும், பழக்கமில்லாத வேலை. பரவாயில்லை, எடுங்கள்.

எடுத்துவிட்டு, "நான் எடுத்தது" என்று எழுதி நாலு பேருக்கு அனுப்பாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா? வணக்கம், மேற்பார்வையாளரே.